கழுத்திலிருந்த இரைச்சல்

ஆய்வுக்கூடத்துக் கூண்டறையின் உயரமான ஜன்னல் வழியே சாயங்கால வெயில் இறங்கி, பன்றியின் காதுமடலில் ஓடும் மெல்லிய ரத்தக்குழாய்களைச் சிவப்பாகக் காட்டுகிறது. கால்நடை டாக்டரம்மா மண்டியிட்டு அதன் கழுத்தில் ஸ்டெதாஸ்கோப்பை வைக்கிறாள். தன் தம்பியின் மூளையில் பிறவியிலேயே இருக்கிற ரத்தக்குழாய்ச் சிக்கலைப் போல ஒன்றை இதன் உடம்பில் அறுத்துத் தைத்து உண்டாக்கியவள் அவள்தான். அன்றிலிருந்து கழுத்தில் மதகு திறந்தாற்போல் ஓர் இரைச்சல். தம்பியின் காதோரம் காது வைத்தாலும் அதே இரைச்சல்தான். கதிர்வீச்சுச் சிகிச்சைக்குப் பிறகு பன்றியின் இரைச்சல் தேய்ந்து தேய்ந்து இன்று அடியோடு நின்றிருக்கிறது. "அதுக்கு நின்னா எனக்கும் நின்னுடும்லக்கா?" என்று காலையில்கூடத் தம்பி கேட்டான். பன்றியைப் பார்த்துக்கொள்கிறவர் தீவன வாளியோடு வந்து நிற்கிறார். "என்ன டாக்டரம்மா, சத்தமே இல்லையா?" "இல்லண்ணே. அந்தச் சிக்கல் குழாய் அடைஞ்சிடுச்சு." "அப்போ பொழச்சுக்கிச்சுன்னு சொல்லுங்க." அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. அடைபட்ட குழாயை வெட்டியெடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால்தான் வைத்தியம் பலித்ததென்று எழுத முடியும். அதற்கு முன் பன்றிக்குப் போடவேண்டிய கடைசி ஊசி அவள் கோட்டுப் பையில் கனக்கிறது. "வாளிய வெளியவே வச்சிடுங்கண்ணே," என்கிறாள். அவர் சிரிப்பு மெல்ல வடிகிறது. ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றிய பிறகும் அவள் காதுக்குள் மதகு இரைகிறது. பன்றியோ, தினமும் செய்கிறபடி, தானாகவே கழுத்தின் மறுபக்கத்தையும் அவளுக்குத் திருப்பிக் காட்டுகிறது.