மூன்றாம் மாடிக்கு ஒரு வெள்ளை சோபா

மூன்றாம் மாடிக்குப் போகும் படி வளைவில் சோபா சிக்கி நிற்கிறது. பாரம் முழுக்க இறங்கும் கீழ்முனையை லோடுமேன் பிடித்திருக்கிறார். கழுத்து நரம்பு புடைத்திருக்கிறது. மேல்முனையில் அவருடைய மனைவியின் தம்பி மூச்சு வாங்கிக்கொண்டே சிரிக்கிறான். "காசையும் குடுத்துட்டு, கூலியும் இல்லாம தூக்குற ஒரே ஆளு நீங்கதான் மச்சான்." "வாய மூடிட்டுத் திருப்புடா, சுவத்துல உரசுது." வாசலில் மனைவி இடுப்பில் கை வைத்து நிற்கிறாள். "கட்டில் கால் ஆடுது, அத மாத்த வக்கில்ல. தொரைக்கு வெள்ளை சோபா கேக்குது." அவர் தன் முனையை உயர்த்தி வாசலுக்குள் தள்ளுகிறார். சோபா உள்ளே இறங்கியதும் அறையில் பாதி காணாமல் போகிறது. ஜன்னல் வெயில் அதன் பிளாஸ்டிக் உறைமேல் பளபளக்கிறது. அவர் அதை ஒரே இழுப்பில் கிழிக்கிறார். இருபது வருடமாக ஊரார் வீடுகளில் இறக்கிய சோபாக்களில் ஒன்றில்கூட அவர் உட்கார்ந்ததில்லை. வேர்வை பட்டுவிடக் கூடாதென்று துண்டைப் போட்டுத்தான் கையே வைப்பார். இன்று சட்டை முழுக்க நனைந்து முதுகோடு ஒட்டியிருக்கிறது. "ஐயோ, சட்டையக் கழட்டிட்டு உக்காருங்க, கறையாயிடும்!" என்று பதறுகிறாள் மனைவி. "ஆகட்டுமே, நம்மளோடதுதானே," என்றபடி உட்கார்ந்து, ஈர முதுகை அப்படியே சாய்க்கிறார்.