உடும்பும் நத்தையும்

அவன் சட்டைக் காலரில் இருந்த கிரீஸ் கறையைக் கைக்குட்டையால் அழுத்தித் துடைத்தபடியே, அவனைப் பற்றிக் குறை சொல்லிக்கொண்டிருந்தாள் அவள்.

"போனே எடுக்க மாட்டாரு மேடம். உயிரோட இருக்காரா இல்லையான்னு நான் எப்படித் தெரிஞ்சுக்கறது?"

"நான் லிஃப்ட் மெக்கானிக் மேடம். அந்தரத்துல தொங்கிட்டு வேலை பார்க்கறப்போ 'சாப்பிட்டாச்சா'ன்னு போன் பண்ணுவா. எடுக்கலைன்னா சாயங்காலம் நேரா வீட்டு வாசல்ல வந்து நிப்பா. கதவைத் திறக்கற வரைக்கும் காலிங்பெல்லுல இருந்து விரலை எடுக்க மாட்டா."

"திறந்துட்டு மட்டும் என்ன? உம்முன்னு உட்கார்ந்திருப்பாரு. சரி, தொல்லை வேண்டாம்னு நான் நாலு நாள் பேசாம இருந்தா, குழாய் ஒழுகுதான்னு ஸ்பேனரோட வந்து நிப்பாரு."

"ஒழுகுச்சா இல்லையா?"

"ஒழுகுச்சு. அது வேற விஷயம்."

குடும்பநல ஆலோசகர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். விவரம் எதையும் விசாரிப்பதற்கு முன்னால், வந்தவர்களைச் சண்டை போடவிட்டுக் கேட்பது அவர் வழக்கம். பாதி நோய் அதிலேயே தெரிந்துவிடும் என்பார்.

"நீங்க உடும்பு" என்றார் அவளிடம். "விட்டுட்டுப் போயிடுவாங்களோங்கற பயத்துலயே இறுக்கிப் பிடிக்கறீங்க. இவர் நத்தை. தொட்டா ஓட்டுக்குள்ள போயிடுவாரு. அவர் உள்ள போகப் போக நீங்க இன்னும் இறுக்குவீங்க. விவாகரத்து கேட்டு வர்றவங்கள்ல முக்கால்வாசி இந்த ரகம்தான்."

"இதுக்கு மருந்து இருக்கா மேடம்? ரெண்டு பேர் வாழ்க்கையும் இதனாலயே நகராம நிக்குது. இன்னைக்கு ஒரு முடிவு தெரியாம நான் எழுந்திரிக்கறதா இல்லை."

"இந்த ஒரு விஷயத்துல மட்டும் நானும் இவ கட்சி" என்றான் அவன்.

ஆலோசகர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு இருவரையும் பார்த்தார். மேசை மேலிருந்த தண்ணீர் டம்ளரை அவன் அவள் பக்கம் நகர்த்தினான். அவள் பாதியைக் குடித்துவிட்டு, கேட்காமலே மீதியை அவனிடம் நீட்டினாள்.

ஆலோசகரின் முகம் மலர்ந்தது.

"கவலையை விடுங்க! எத்தனையோ ஜோடியைப் பார்த்தவ சொல்றேன். உங்க ரெண்டு பேரையும் யாராலயும் பிரிக்க முடியாது."

இருவர் முகமும் ஒருசேர வெளிறியது.

"ஐயோ, அப்படிச் சொல்லிடாதீங்க மேடம்" என்றாள் அவள். "எங்களுக்கு விவாகரத்தாகி நாலு வருஷமாச்சு!"