எதிர்க்கடைப் பலகை

மூன்று நாள் குனிந்து நாற்று நட்ட இடுப்பு காசியம்மாவுக்கு விண்விண்ணென்று தெறிக்கிறது. பூவம் கிராமத்திலிருந்து நடந்தே வந்திருக்கிறாள். ஆஸ்பத்திரி முக்காலியில் மகள் அமிர்தம், கனத்த சோதனைக் கண்ணாடியை மூக்கில் தாங்கிக்கொண்டு, எதிரே தொங்கும் எழுத்து அட்டையை உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். கரும்பலகை தெரியாமல் வகுப்பில் மக்கு என்று பெயர் வாங்கியவள். இங்கேயும் வழி பிறக்காவிட்டால் நாளை முதல் அவளும் நடவுக்குத்தான். கம்பவுண்டர் நெய்னா முகம்மது கண்ணாடிச் சில்லை மாற்றி மாற்றிப் போடுகிறார். "தெரியிதா புள்ள?" "தெரியிதுங்க. படிக்கத்தான் தெரியலைங்க." அவர் அட்டையைத் திரும்பிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்கிறார். "அட, தொரைமாருக்கு வச்ச பிரெஞ்சு எழுத்தைக் காட்டி உசிரை வாங்கிட்டேனே!" அவளை ஜன்னல் பக்கம் திருப்புகிறார். தெருவுக்கு அப்பால், காலை வெயிலில் அரிசிக்கடைப் பலகை. அமிர்தம் எழுத்துக் கூட்டுகிறாள், பிறகு ஒரே மூச்சில் படிக்கிறாள்: "புழுங்கல், பச்சை, தவிடு கிடைக்கும்." அதோடு நிற்கவில்லை. "யம்மா, கடைக்காரருக்குத் தாடியில ஒரு பக்கந்தான் மருதாணி!" "மெல்லப் பேசு, அவரு எம் மச்சான்" என்று சிரித்தபடியே நெய்னா முகம்மது சீட்டு எழுதுகிறார். கண்ணாடி பத்து நாளில் வந்துவிடுமாம், காசு வேண்டாமாம். அமிர்தம் பள்ளிக்கூடத்தை விட வேண்டியதில்லை. இன்று காசியம்மாவின் பங்கையும் சேர்த்து நட்டுக்கொண்டிருப்பவள் அடுத்த வீட்டுக்காரி சின்னப்பிள்ளை. அவளுக்குக் காசியம்மா திருப்பிச் செய்ய ஒரு நாள் நடவு பாக்கி.