வாய் அசைவு

நான்கு வருடமாக அந்த நோட்டில் ‘வாய் அசைவு’ என்ற கட்டத்தில் பூஜ்யம்தான். தாடைத் தசையை உண்டாக்கும் மரபணுவைக் கருவிலேயே அணைத்துவிட்டால் மீன்குஞ்சு எப்படி வாயைத் திறக்கும்? ஆனாலும் தட்டிலிருக்கும் நாற்பது குஞ்சுகளையும் தினமும் பார்த்து, அந்தப் பூஜ்யத்தைப் போட்டாக வேண்டும். ஆய்வகத்தில் அக்காவுக்கு இதுதான் வேலை.

இன்று அவளுக்குக் கை ஓடவில்லை. மறுபடி கர்ப்பமாயிருக்கும் தங்கைக்கு ஸ்கேன். முதல் குழந்தை பால் உறிஞ்ச வாயசைக்க முடியாமல் ஒன்பதாம் நாள் போய்விட்டது. அதே மரபணுவில்தான் கோளாறு என்றார்கள்.

பதினொன்றே காலுக்கு போன் வந்தது.

“அக்கா, பாப்பா கொட்டாவி விட்டுச்சு. டாக்டரே சிரிச்சுட்டாங்க.”

நெஞ்சில் மாதக்கணக்காகக் கிடந்த பாரம் இறங்கியது. “நல்லாப் பாத்தியாடி?”

“இன்னும் ஸ்கிரீன்ல தெரியுதுக்கா. இரு, மறுபடி விடுது.”

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு மைக்ராஸ்கோப்பில் குனிந்தாள். நாற்பது வாய்களும் ஒன்றாக, அவசரமில்லாமல் திறந்து மூடின.

தசையைப் பச்சையாகக் காட்டும் விளக்கைப் போட்டாள். உடம்பெல்லாம் பச்சை. தாடை மட்டும் வழக்கம்போல் இருட்டு.

“அக்கா, இருக்கியா? இதோ மூணாவது தடவ.”

“இருக்கேண்டி.”

குஞ்சுகள் மறுபடி வாயைத் திறந்தன. மூன்று நாளாகத் தூங்காத அக்காவுக்கும் கொட்டாவி வந்தது. ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு, மறு கையால் நோட்டில், பாப்பாவையும் சேர்த்து, நாற்பத்தொன்று என்று எழுதினாள்.