சந்தேகம் உண்டா?

ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் மண்டியிட்டபோது அவருடைய முழங்கால்கள் போட்ட சத்தத்தில் பொம்மையே எழுந்து உட்கார்ந்திருக்க வேண்டும்.

அது அசையவில்லை. இடுப்புக்குக் கீழே ஒன்றுமில்லாத ரப்பர் பொம்மை, மல்லாந்து கிடந்தது.

மருத்துவமனையின் பின்பக்கக் கூடம். மாதாமாதம் முதல் சனிக்கிழமை முதலுதவி வகுப்பு. மாரடைத்து விழுந்தவரின் நெஞ்சை எப்படி அமுக்குவது என்று நர்ஸம்மா சொல்லிக்கொடுப்பார். சரியாக அமுக்கினால் பொம்மையின் தோளில் பச்சை விளக்கு எரியும்.

டிரைவருக்கு இது ஐந்தாவது தடவை. நான்கு சான்றிதழ்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கின்றன. எட்டாம் வகுப்பைக்கூட அவர் இரண்டு தடவைதான் படித்தார்.

இங்கே வந்த முதல் நாளே, பிரேக்கை மிதிக்கிற பழக்கத்தில் ஓங்கி அமுக்கி, பொம்மைக்குள் இருந்த ஸ்பிரிங்கை உடைத்துவிட்டார். 'பொம்மை எமன்' என்று தனக்குத்தானே பட்டம் சூட்டிக்கொண்டதும் அன்றைக்குத்தான்.

வீட்டில் இப்போது ஒண்டிக்கட்டை. பொழுது போகாவிட்டால் தலையணையை அமுக்கி முப்பதுவரை எண்ணிப் பழகுவார். வகுப்புக்கு வந்துபோன அன்றைக்கு மட்டும் மாத்திரை இல்லாமல் தூக்கம் வரும்.

உண்மையில் அவர் வருவது ஒரே ஒரு சந்தேகம் கேட்க. ஏழு மாதமாக அது தொண்டையில் முள்ளாய் நிற்கிறது.

வகுப்பு முடிவில், சந்தேகம் உண்டா என்பார் நர்ஸம்மா. டிரைவரின் கைதான் முதலில் உயரும். வாயைத் திறந்தால் வேறு ஏதாவது வரும். ஒரு தடவை, பொம்மைக்குப் பெயர் வைத்தாயிற்றா என்றார். இன்னொரு தடவை, பெரிய மீசைக்காரர் வாயில் எப்படி ஊதுவது என்றார். போன மாதம், டீ எப்போது வரும் என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

கூடமே சிரிக்கும். அவரும் சேர்ந்து சிரிப்பார். முப்பது வருஷம் நெரிசலில் பஸ் ஓட்டிய மனுஷனுக்கு ஒரு கேள்வியை வாய்வரை ஓட்டிக்கொண்டு வரத் துப்பில்லை!

இன்று வீட்டிலேயே மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தார். நர்ஸம்மா கேட்டதும் கை உயர்ந்தது. கூடம் சிரிக்கத் தயாரானது.

அதற்குள் பின்வரிசையில் ஒரு குரல். புதிதாக வந்த பெண். காலையிலிருந்து பொம்மையைத் தொடாமலே உட்கார்ந்திருந்தவள்.

"இதெல்லாம் அன்னைக்கே தெரிஞ்சிருந்தா எங்கப்பா பொழச்சிருப்பாரா? நான் பாட்டுக்கு விசிறிக்கிட்டே உக்காந்திருந்தேன்."

டிரைவரின் கை மேலேயே நின்றது.

அவர் மனப்பாடம் செய்த அதே கேள்வி. அப்பா இருந்த இடத்தில் மட்டும் அவருக்கு மனைவி.

நர்ஸம்மா பதில் சொல்லுமுன் டிரைவர் கையை இறக்கினார். பொம்மையை இழுத்துக்கொண்டு பின்வரிசைக்குப் போய், முழங்கால்கள் மறுபடி சத்தம் போட அவள் எதிரே மண்டியிட்டார்.

"எனக்கும் தெரியலம்மா. என் வீட்டுக்காரி விழுந்தப்போ நான் தண்ணி எடுக்க ஓடினேன். வா, நீ அமுக்கு, நான் எண்ணுறேன்."

யாரும் சிரிக்கவில்லை.

அவள் கைகளைப் பொம்மையின் நெஞ்சில் வைத்தாள். அவர் சத்தமாக எண்ண ஆரம்பித்தார். பதினாறோடு குரல் நின்றுவிட்டது. நான்கு சான்றிதழ் வாங்கியவர்!

மீதியை அவளே எண்ணினாள்.