ஆறு சொட்டு

ஞானதுரை வீட்டிலேயே வயலின் செய்கிறார். மரம் கிடையாது. கண்ணாடி இழைத் துணியை அச்சில் விரித்து, ரெசின் பிசினைப் பூசி, காய்ந்ததும் ஓடு ஓடாகக் கழற்றுவார். இரண்டு ஓடுகளையும் ஒட்டுகிற நாளில் எதிர் வீட்டுக் கரீம் பாயைக் கூப்பிடுவார். "இறுக்கிப் பிடிக்கக் கிளாம்ப் இல்ல பாய், கொஞ்ச நேரம் சேர்த்துப் பிடிக்கணும்." பத்து சொட்டு ஹார்டனர் விட்டால் ரெசின் இருபது நிமிடத்தில் இறுகிவிடும். ஞானதுரை ஆறுதான் விடுவார். ஒரு மணி நேரத்துக்கு மேல் இருவரும் தரையில் எதிரெதிராக உட்கார்ந்து பிடித்திருப்பார்கள். சுவரில் ஏற்கெனவே நான்கு வயலின்கள் தொங்கின. ஒன்றுக்கும் தந்தி பூட்டவில்லை. அவருக்கு வாசிக்கவும் தெரியாது.

இன்று ஐந்தாவது. பள்ளிவாசலில் செருப்பு மாறிப்போன கதையை மூன்றாம் முறையாகச் சொல்லிக்கொண்டே பாய் மரத்துப்போன காலை நீட்டினார். கட்டிலுக்கடியில் சாக்கு விலகி, ஒரு டஜன் புதுக் கிளாம்புகள் தெரிந்தன. ஞானதுரை தலையைத் தூக்கவில்லை. பாய் கொஞ்ச நேரம் அவற்றையே பார்த்தார். பிறகு குதிகாலால் சாக்கை இழுத்து அவற்றை மூடினார்.

"எதுவரைக்கும் சொன்னேன் சார்?"

"ரெண்டுமே இடது கால்," என்றார் ஞானதுரை.

ரெசின் எப்போதோ இறுகியிருந்தது. இருவரும் கையை எடுக்கவில்லை.