ஐம்பத்தெட்டாம் கோடு

வெற்றிடக் கலத்தின் வாயு ஆய்வுக் கருவிக்குப் புது ஃபிலமென்ட் மாட்டியதும், உறிஞ்சுகுழாயின் முனையில் யாரையாவது ஊதச் சொல்லிப் பார்ப்பது செண்பகவல்லியின் வழக்கம். திரையில் நாற்பத்து நான்காம் கோடு, அதாவது மூச்சின் கரியமில வாயு, துள்ளி எழுந்தால் கருவி பிழைத்துவிட்டது என்று பொருள். இன்று பம்ப் ஆபரேட்டர் எபனேசர் ஊதினார். நாற்பத்து நான்கு எழுந்தது. கூடவே, வெறிச்சென்று கிடக்க வேண்டிய ஐம்பத்தெட்டும் எழுந்து நின்றது. அசிட்டோன், பாகங்களைத் துடைக்கிற திரவம்.

“துடைக்கிற பாட்டில் ஏதும் திறந்திருக்காண்ணே?”

“இல்லம்மா, அலமாரில பூட்டித்தான் இருக்கு.”

அவளே ஊதிப் பார்த்தாள், ஐம்பத்தெட்டு அசையவில்லை. அவர் மறுபடி ஊதினார், விருட்டென்று எழுந்தது. சர்க்கரை முற்றிய உடம்பு இப்படி மூச்சுவிடும். இல்லையென்றால், பல நாள் பட்டினியில் தன் கொழுப்பையே தின்கிற உடம்பு.

“சுகர் இருக்காண்ணே?”

“சேச்சே. போன வாரம்தானே கம்பெனில டெஸ்ட் எடுத்தாங்க. ஒண்ணுமில்ல.”

தினமும் ஒரு மணிக்கு அவர் தனியாக மரத்தடிக்கு எடுத்துப்போகும் மூன்றடுக்கு டிபன் கேரியர் மேஜைக்கடியில் இருந்தது. மணி இன்னும் பன்னிரண்டுகூட ஆகவில்லை. அவள் கை தானாக அதன் பிடிக்குப் போனது.

“அது வேணாம்மா,” என்றார் எபனேசர்.

அதற்குள் தூக்கிவிட்டாள். கனக்கும் என்று நினைத்து இழுத்த வேகத்தில், அது கலகலவென்று ஆடிக்கொண்டு அவள் முகம்வரைக்கும் வந்துவிட்டது.